இரண்டு கோடி பவுண்டும் ஒரு கைதட்டலும்

2018 பிப்ரவரி 9, ஒரு வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் நிதித்துறை தன் ட்விட்டர் பக்கத்தில் வார இறுதிக்கு ஒரு வியப்பான தகவல் என்று ஒன்றைப் போட்டது. 1833-இல் பேரரசில் இருந்த அடிமைகள் எல்லாருக்கும் விடுதலை வாங்கித் தர அரசு 2 கோடி பவுண்டு செலவழித்தது. அது அன்றைய ஆண்டுச் செலவில் 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் முழுதாக அடைந்தது. ஆகவே இன்றைக்கு வரி கட்டும் பிரிட்டன் மக்களும் அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பணம் கொடுத்திருக்கிறார்கள். இதுதான் சாரம். அந்த 2 கோடி பவுண்டு யார் கைக்குப் போனது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. போனது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளின் கைக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. நாலு பேர் கேள்வி கேட்டதும் பதிவை அழித்துவிட்டார்கள்.

2015-க்கு முன்னால் சில வருடங்கள் நான் இங்கிலாந்தில் வேலை பார்த்தவன். மாதா மாதம் சம்பளச் சீட்டில் வரி பிடித்தார்கள். சொந்த ஊர் வட ஆற்காடு. எங்கள் மாவட்டத்திலிருந்து 1860-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து லண்டனில் பேருந்து ஓட்டியவர்களும், மருத்துவமனைகளில் இராக்கண் விழித்த நர்சுகளும், அவர்கள் பிள்ளைகளும் அதே வரியைத்தான் கட்டினார்கள். தோட்டத்தில் அடிமையாகக் கிடந்தவரின் கொள்ளுப்பேத்தி, அவரை வைத்திருந்த துரைக்குக் கொடுத்த பணத்தின் கடனை அடைத்திருக்கிறாள். அதை அரசு அவளிடமே ஒரு பாராட்டாகச் சொல்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் இதைக் கீழே வைக்க முடியவில்லை.

கணக்குத் தணிக்கை என் தொழில். அதனால் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். 1835-இல் ராத்ஸ்சைல்டு, மான்டிஃபியோரி என்ற லண்டன் நிதியாளர்களின் குழுவிடம் வாங்கிய கடன் ஒன்றரைக் கோடி பவுண்டு. மீதி அரசுப் பத்திரங்களாகக் கொடுக்கப்பட்டது. முதிர்வுத் தேதி இல்லாத பத்திரங்களில் அந்தக் கடன் ஏறி, காலப்போக்கில் மற்றக் கடன்களோடு கலந்து, கடைசியில் 2015-இல் எல்லாமாகச் சேர்த்துத் தீர்க்கப்பட்டது. ஆகவே என் வரியில் இத்தனை பென்ஸ் அதற்குப் போனது என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் கடன் உயிரோடு இருந்ததும், வட்டி போய்க்கொண்டே இருந்ததும் உண்மை. 180 வருடம் ஓர் அரசு தவறாமல் மதித்து நடந்த வாக்கு அது.

இந்த மாதிரிச் செய்தி வந்தால் நம்மில் பலர் "வெள்ளைக்காரன் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று" என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுவோம். அதற்குச் சான்றுக்கும் பஞ்சமில்லை. அடிமைத்தனம் மனிதனுக்குக் கேவலமான நிலை என்று தொடங்குகிறது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் அரசியல் நூல். அதே லாக், அடிமை வாணிபம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பணம் போட்டவர். அமெரிக்காவில் இருந்த கரோலினா குடியேற்றத்துக்கு 1669-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தில் அவர் கை உண்டு. தன் நீக்ரோ அடிமைகள் மேல் எசமானுக்கு முழு அதிகாரம் என்கிறது அது. இன்னொரு தத்துவவாதியான ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தார். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. வேலையை விட்ட மறு வருடம் வெளிவந்த சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற நூலில், இந்தச் சுதந்திரமெல்லாம் பக்குவமடைந்த சமூகங்களுக்குத்தான், காட்டுமிராண்டிகளை ஆள அவர்கள் முன்னேற்றத்தை நோக்கமாகக் கொண்ட கொடுங்கோன்மையே முறையானது என்று எழுதினார்.

இத்தனையும் இருந்தும் "போலித்தனம்" என்ற குற்றச்சாட்டு எனக்குப் போதவில்லை. சொல்லப்போனால் அது அவர்களுக்குச் சாதகமான குற்றச்சாட்டு. கொள்கை நல்லதுதான், ஆள்தான் அதற்கு உயரவில்லை என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. அப்புறம் என்ன, ஆளைத் திருத்தினால் போதும்; வருத்தம் தெரிவித்தால் போதும். முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்த நட்டஈட்டுக் கதை அப்படிப்பட்டதில்லை. அங்கே யாரும் கொள்கையிலிருந்து வழுவவில்லை. சொத்து புனிதமானது, உரிய விலை கொடுக்காமல் எந்த அரசும் அதில் கை வைக்கக் கூடாது என்ற லிபரல் கொள்கையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். அதனால்தான் பணம் அந்தப் பக்கம் போனது.

பதிவேட்டின் பத்திகள்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாற்றாசிரியர்கள் அந்த நட்டஈட்டுக் கோரிக்கைகளையெல்லாம் தேடித் தொகுத்து இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 46,000 பேர் கோரிக்கை வைத்தார்கள். பெருந்தோட்ட முதலாளிகள் மட்டுமல்ல. பாதிரியார்கள், விதவைகள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், இரண்டே பேரை "வைத்திருந்த" மணமாகாத பெண்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பெயரைச் சொடுக்கினால் எந்தக் காலனி, எத்தனை அடிமைகள், எத்தனை பவுண்டு, எத்தனை ஷில்லிங், எத்தனை பென்னி என்று வரிசையாக வரும். நான் பிழைப்புக்காகப் பார்க்கும் பேரேடுகளில் இவ்வளவு சுத்தம் அபூர்வம்.

அந்தத் தொகை எப்படி வந்தது என்று தேடியபோது நட்டஈட்டு ஆணையத்தின் படிவத்தைப் பார்த்தேன். ஆட்களை வகை பிரித்திருக்கிறார்கள். மேஸ்திரிகள், கைத்தொழில் தெரிந்தவர்கள், இரண்டாந்தரக் கைத்தொழிலாளிகள், வயல் வேலையாட்கள், இரண்டாந்தர வயல் வேலையாட்கள், வீட்டு வேலைக்காரர்கள். ஒவ்வொரு வகைக்கும் காலனிக்குக் காலனி தனித்தனி மதிப்பு. தென் அமெரிக்காவில், கரும்பு நன்றாக விளைந்த பிரிட்டிஷ் கயானாவில் ஓர் ஆளுக்கான தொகை ஜமைக்காவில் உள்ளதைவிட மிக அதிகம். கடைசியில் இரண்டு பத்திகள். 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயது நிரம்பாத குழந்தைகள். அதற்கடுத்து முதியோர், நோயாளிகள், வேலைக்கு உதவாதவர்கள். குழந்தைக்கும் விலை உண்டு, குறைவாக. கிழவிக்கும் விலை உண்டு, அதைவிடக் குறைவாக. ஒரு சரக்கின் தேய்மானத்தை நாங்கள் இப்படித்தான் கணக்கிடுவோம். அந்தப் பத்தியைத் தாண்டிக் கண் போக வெகுநேரம் ஆனது.

1833-இல் வந்த ஒழிப்புச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. விடுதலை என்று அறிவித்த பிறகும், வேலை பழகுவதற்கென்று ஒரு காலம் வைத்தார்கள். வாரம் ஏறக்குறைய 45 மணி நேரம் பழைய எசமானுக்குக் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவர்கள் கரும்பு வெட்டப் பழக வேண்டுமாம்! வயல் வேலையாட்களுக்கு ஆறு வருடம் என்று போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 1838 ஆகஸ்ட் 1 அன்றே அது முடிவுக்கு வந்தது. ஆக, விடுதலைக்கு இரண்டு தவணையில் விலை கொடுக்கப்பட்டது. ஒன்றைக் கொடுத்தது கருவூலம். இன்னொன்றைக் கொடுத்தது அடிமைகளே, தங்கள் உடலால்.

இதில் என்னை உண்மையில் உலுக்கியது தோட்டத்துரைகளின் பேராசை இல்லை. அது எதிர்பார்த்ததுதான். உலுக்கியது வில்பர்ஃபோர்ஸ். அடிமை வாணிபத்துக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடிய மனிதர் அவர். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1833 ஜூலை கடைசியில் படுக்கையில் கிடக்கும்போது சட்டம் நிறைவேறுவது உறுதியாகிவிட்டது என்ற செய்தி வருகிறது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அதற்கு முன் கடவுளுக்கு நன்றி சொன்னார். எதற்காக? அடிமைத்தனத்தை ஒழிக்க இங்கிலாந்து 2 கோடி பவுண்டு தர முன்வந்த நாளைக் காணும் பேறு தனக்குக் கிடைத்ததற்காக. அந்த மகிழ்ச்சி கலப்படமில்லாதது. அந்தத் தொகை அவர் மனசுக்குத் தியாகமாகப் பட்டது. தன் நாடு செய்த பாவத்துக்குத் தன் நாடே கொடுக்கும் விலையாகப் பட்டது. பாவத்தைச் செய்தவனுக்கே அந்த விலை போய்ச் சேர்கிறது என்பது, இத்தனை வருடம் இதையே நினைத்துக்கொண்டிருந்த அந்த நல்ல மனிதருக்கு உறுத்தவில்லை. என்னுடைய கேள்வி இங்கேதான் திசை மாறியது. அதுவரை இவர்கள் எப்படிப் பொய் சொன்னார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல மனசு உண்மையாகவே உருகும்போதுகூட எப்படி எதிரே நிற்கும் ஆள் அதன் கண்ணில் படாமல் போகிறான் என்பதுதான் தேட வேண்டியது என்று அப்போது பட்டது.

அந்தக் காலம் அப்படி, அவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும் என்று கேட்பவர்கள் உண்டு. வேறு மாதிரி தோன்றிய ஆட்கள் அதே காலத்தில் இருந்தார்கள். லெஸ்டர் நகரத்தில் எலிசபெத் ஹேரிக் என்ற, குவேக்கர் எனும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி. வீடு வீடாகப் போய், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்று கேட்டவர். 1824-இல் அவர் எழுதிய சிறு பிரசுரம், படிப்படியாக வேண்டாம், உடனே விடுதலை கொடு என்றது. நட்டஈடு என்று ஒன்று கொடுப்பதானால் முதலில் அதை அடிமைக்குக் கொடுங்கள் என்றும் வாதாடியது. இவ்வளவு எளிய விஷயம். நாடாளுமன்றப் பெரியவர்கள் காதில் ஏறவில்லை. ஹேரிக் 1831-இல், சட்டம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்து போனார். வில்பர்ஃபோர்ஸை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில்.

கடலுக்கு அப்பால் நடந்தவற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொந்தப் புரட்சியால் விடுதலை வாங்கிய ஹைட்டியிடம் 1825-இல் பிரான்ஸ் 15 கோடி ஃபிராங்க் நட்டஈடு கேட்டது, போர்க்கப்பல்களை நிறுத்திவைத்துக்கொண்டு. அமெரிக்க ஜனநாயகத்தைப் புகழ்ந்து எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் டாக்வில், பிரெஞ்சுக் காலனிகளில் விடுதலை தரும்போது முன்னாள் அடிமைகள் கொஞ்ச காலத்துக்கு நிலம் வாங்கக் கூடாது என்று தடை போடச் சொன்னார். நிலம் கிடைத்தால் கூலிக்கு வரமாட்டார்களே என்பது காரணம்.

ஒரே குடும்பம், இரண்டு கப்பல்

பதிவேட்டில் பெரிய தொகை வாங்கியவர்களில் ஒருவர் லிவர்ப்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன். 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பவுண்டு. தன் தோட்டங்களை அவர் நேரில் போய்ப் பார்த்ததே இல்லை. 1823-இல் கயானாவின் ஒரு பகுதியான டெமராராவில் அடிமைகளின் பெரும் எழுச்சி தொடங்கியது அவருடைய தோட்டத்தில்தான். க்வாமினாவும் அவர் மகன் ஜாக்கும் அதன் தலைவர்கள். ஜாக்குக்குத் தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரையே ஒட்டி ஜாக் கிளாட்ஸ்டன் என்று பெயர். க்வாமினாவைச் சுட்டுக் கொன்றார்கள். முதலாளியின் மகன் வில்லியம் கிளாட்ஸ்டன் 1833-இல் நாடாளுமன்றத்தில் பேசிய முதல் முக்கியமான பேச்சு, தந்தையின் தோட்ட நிர்வாகத்துக்கு ஆதரவான பேச்சு. அவர் பின்னாளில் லிபரல் கட்சியின் மாபெரும் தலைவர். நான்கு முறை பிரதமர். மக்களின் வில்லியம் என்று கொண்டாடப்பட்டவர்.

நட்டஈடு கைக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1836 ஜனவரியில், ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தாவில் இருந்த ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். தோட்டத்துக்கு ஆள் வேண்டும், மொரீஷியசுக்கு நீங்கள் அனுப்பும் மாதிரி எனக்கும் அனுப்ப முடியுமா என்று. ஜூனில் பதில் வந்தது. மலைநாட்டு ஆட்களை அனுப்பலாம், அவர்களுக்குத் தின்பதும் குடிப்பதும் உறங்குவதும் தவிர வேறு தேவை கிடையாது, மனிதனைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்று அவர்களைச் சொல்வதுண்டு, போகும் இடம் எது, பயணம் எவ்வளவு தூரம் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு இராது என்று அந்த வணிகர்கள் எழுதினார்கள். இதை ஒரு நற்சான்றாக எழுதினார்கள். சரக்கின் தரத்தைப் பற்றி வாங்குபவருக்கு விற்பவர் தரும் உறுதி அது.

விட்பி, ஹெஸ்பெரஸ் என்று இரண்டு கப்பல்கள் 1838 மே 5 அன்று பிரிட்டிஷ் கயானாவில் கரை தட்டின. உயிரோடு இறங்கியவர்கள் 396 பேர். பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. கூலியில்லா உழைப்புக் காலம் முடிய இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. கறுப்பின மக்கள் தோட்டத்தை விட்டு வெளியேறப் போகும் இடைவெளியில் நம் ஆட்களை நிரப்பினார்கள். ஒரு பங்கு கிளாட்ஸ்டன் தோட்டத்துக்குப் போனது. அடி உதை, நோய், ஊதியப் பிடித்தம் என்று சீக்கிரமே செய்தி வந்தது. அடிமை எதிர்ப்பு இயக்கத்தினர் போய் விசாரித்து அம்பலப்படுத்தினார்கள். சில வருடம் ஆள் ஏற்றுவது நின்றது. அப்புறம் தொடங்கி, 1917 வரை கயானாவுக்கு மட்டும் ஏறக்குறைய 2,39,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் வடக்கே போஜ்பூரி பேசும் பகுதியினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம் மக்களும் அதில் உண்டு. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு, உடுக்கையும் சாமியாட்டமுமாக, காளி மாயி பூசை என்ற பெயரில் அங்கே இன்னும் நடக்கிறது.

இது எந்தச் சட்டத்தையும் மீறிய செயல் இல்லை. அடிமையை வைத்திருக்கக் கூடாது என்றது சட்டம், சரி, வைத்திருக்கவில்லை. கைநாட்டு வைத்த ஒப்பந்தம் இருந்தது. சுதந்திரமான இரண்டு தரப்பார் தாங்களாக ஒப்பிய ஒப்பந்தம் என்பது லிபரல் சிந்தனையின் இன்னொரு தூண். முதல் தூண் கிளாட்ஸ்டனுக்குப் பணம் கொடுத்தது, இரண்டாவது தூண் ஆள் கொடுத்தது. 1846-இல் தடையற்ற வாணிபம் என்ற பெயரில் சர்க்கரை மீதான தீர்வையைச் சமன் செய்யத் தொடங்கி, கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த சர்க்கரைக்கு அதே பிரிட்டன் தன் சந்தையைத் திறந்துவிட்டது. தடையற்ற வாணிபம் மூன்றாவது தூண்.

2023 ஆகஸ்ட் 25 அன்று கிளாட்ஸ்டன் வம்சத்தைச் சேர்ந்த சிலர் கயானா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். டெமராரா எழுச்சியின் 200-ஆவது ஆண்டு அது. அடிமைகளாக இருந்தவர்களின் பொருட்டும், ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் பொருட்டும் கேட்டார்கள். ஆய்வுப் பணிக்காக ஒரு லட்சம் பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். முன்னோர் வாங்கிய தொகைக்கு எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம். 190 வருட வட்டியும் விலைவாசியும் அதில் இல்லை. அரங்கத்தில் எதிர்ப்புக் குரல்களும் இருந்தன. அதற்கு முந்தின நாள் கயானா அதிபர் இர்ஃபான் அலி, மன்னிப்போடு நட்டஈடும் வர வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் மேல் இறந்த பின்னும் குற்றம் சாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அந்தக் குடும்பத்தை நான் மதிக்கிறேன். தங்கள் பெயரைச் சொல்லி, கடல் தாண்டி வந்து, கோபக் குரல்களுக்கு முன்னால் நின்றார்கள். அவர்கள் அரசு இதுவரை இந்த அளவுகூட வரவில்லை. பிரதமராக இருந்த டோனி பிளேர் 2006-இல் ஆழ்ந்த துயரம் என்றார். பின்னால் பிரதமரான டேவிட் கேமரன் 2015 செப்டம்பரில் ஜமைக்கா நாடாளுமன்றத்தில் நின்று இந்த வேதனையான பழங்கதையைத் தாண்டிப் போவோம் என்றார். முதலாளிகளுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி தீர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பயணத்தில் அவர் அறிவித்தவற்றில் ஒன்று, ஜமைக்காவில் ஒரு சிறைச்சாலை கட்ட இரண்டரைக் கோடி பவுண்டு. ஜமைக்கா பின்னர் அதை வேண்டாம் என்றது.

யாருக்காகத் தட்டினார்கள்

சில வருடங்களுக்கு முன் பெரிய நிறுவனம் ஒன்றின் ஊழியர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன் ஆரம்பகால முதலில் ஒரு பங்கு சர்க்கரைத் தோட்டப் பணம் என்று ஆய்வில் தெரியவந்திருந்தது. தலைமையில் இருந்தவர் வருத்த அறிக்கையை வாசித்தார். குரல் தழுதழுத்தது, நடிப்பு இல்லை. முடித்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவரின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் கை மடியிலேயே இருந்தது. "யாருக்காகத் தட்டுகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வெளியே தேநீர் மேசையில் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வந்தார்கள். அறிக்கை கேட்டு எவ்வளவு உடைந்துபோனோம் என்று சொன்னார்கள். அவர் ஒவ்வொருவரையும் ஆறுதல்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த மேசைதான் எனக்கு வில்பர்ஃபோர்ஸின் படுக்கையை விளங்க வைத்தது. இந்தக் குற்ற உணர்ச்சி உண்மையானது, அதனால்தான் சிக்கல். அது முழுக்க முழுக்கத் தன்னைப் பற்றியது. நான் எப்படிப்பட்டவன், என் நாடு எப்படிப்பட்டது, நான் நல்லவனாக இருக்க இன்னும் வழி உண்டா என்பதே அதன் கேள்வி. 1833-இல் அந்தக் கேள்விக்கு 2 கோடி பவுண்டு ஒரு பதில். இன்றைக்கு அறிக்கையும் தழுதழுப்பும் ஒரு பதில். இரண்டிலும் குற்றம் செய்தவன், வருந்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன், விடுதலை பெறுகிறவன் எல்லாம் ஒரே ஆள். கேட்க வேண்டிய ஆள் ஓரமாக நிற்கிறார், தேவைப்பட்டால் ஆறுதல் சொல்ல.

சென்னையில் இருக்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது, "அவனுக்காவது உறுத்துதுடா. நம்மாளுக்கு என்னிக்காவது உறுத்தியிருக்கா?" என்றான். பட்டென்று மறுக்க முடியாத கேள்வி. பண்ணையாட்களையும் படியாட்களையும் நிலத்தோடு சேர்த்து எழுதி விற்ற ஊர் நம்முடையது. அதற்காக எந்த மிராசுதார் வீட்டு வாரிசும் சேரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவன் கேள்வி இந்த விஷயத்தோடு வேறொரு வழியிலும் பின்னிக் கிடக்கிறது. 1833 சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கும் இலங்கைக்கும் செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதியிருந்தது. இங்கே 1843-இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமை மேலான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றதோடு நின்றது. நிலம் கொடுக்கவில்லை, கடனை ரத்து செய்யவில்லை, போய்ச் சொல்லக்கூட ஆள் இல்லை. சட்டம் வந்ததே தெரியாமல் பண்ணையில் கிடந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் பஞ்ச காலங்களில் கங்காணி சொன்னதை நம்பி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் மொரீஷியசுக்கும் போனார்கள். ஊர்ப் பண்ணையார் விரட்டினார், கடலுக்கு அப்பால் துரை வாங்கிக்கொண்டார். நம் பக்கக் கணக்கைத் திறக்காமல் அவர்கள் கணக்கை மட்டும் கேட்க நமக்கு வாய் கூசத்தான் வேண்டும். இரண்டையும் கேட்க வேண்டும் என்பது என் முடிவு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மூடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கணக்குப் போட முடியாத தொகை இல்லை

நட்டஈடு என்று பேச்செடுத்தாலே வரும் முதல் பதில், இத்தனை காலத்துக்குப் பிறகு யாருக்கு, எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது என்பது. தொழில்முறையில் இதற்கு மட்டும் உறுதியாக என்னால் பதில் சொல்ல முடியும். போட்டுக் காட்டியிருக்கிறார்களே! தந்தி இல்லாத காலத்தில், பாய்மரக் கப்பலில் தபால் போய்வந்த காலத்தில், 19 காலனிகளில் எட்டு லட்சம் மனிதர்களை வகை பிரித்து, மதிப்பிட்டு, கோரிக்கை வாங்கி, ஆட்சேபணை கேட்டு, பெரும்பாலான தொகையைச் சில வருடங்களுக்குள் பட்டுவாடா செய்து முடித்தது அந்த ஆணையம். ஒரு குழந்தையின் தேய்மான விலையைப் பென்னி சுத்தமாகக் கணக்கிடத் தெரிந்த அரசு, அந்தக் குழந்தையின் பறிபோன உழைப்பைக் கணக்கிடத் தெரியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அந்தப் பதிவு போட்ட இரண்டே மாதத்தில், 2018 ஏப்ரலில், விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் கரீபியத் தீவுகளிலிருந்து முறையாக வந்தவர்களை ஆவணம் இல்லை என்று வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் துரத்தினார்கள்; சிலரை நாடு கடத்தவும் செய்தார்கள். அவர்கள் வந்திறங்கிய சீட்டுகளை 2010-இல் அழித்ததே உள்துறைதான். மன்னிப்புக் கேட்டார்கள். அமைச்சர் பதவி விலகினார். மறு வருடம் நட்டஈட்டுத் திட்டம் வந்தது. சான்று கொடு, இன்னொரு சான்று கொடு என்று இழுத்தடித்ததில் பணம் கைக்கு வருமுன்பே பலர் இறந்து போனார்கள். முதலாளியிடம் 1835-இல் ஆணையம் காட்டிய பொறுமையும் சுறுசுறுப்பும் இவர்களிடம் காட்டப்படவில்லை.

ஆவணமும் இல்லாமல் இல்லை. அடிமைகளின் பெயர், வயது, நிறம், பிறந்த இடம் எழுதிய பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மொரீஷியசில் இறங்கிய கூலிகளின் பதிவுகள், பின்னாளில் எடுத்த புகைப்படங்களோடு, அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014-இலேயே பத்து அம்சங்களோடு தன் கோரிக்கையை எழுதி வைத்துவிட்டது. கடன் ரத்து, பொதுச் சுகாதாரம், கல்வி என்று தெளிவாக. 2024 அக்டோபரில் சமோவாவில் காமன்வெல்த் தலைவர்கள் கூடியபோது, இதுபற்றிப் பேச நேரம் வந்துவிட்டது என்று கூட்டறிக்கையில் எழுதிக்கொண்டார்கள். புறப்படும் முன்பே பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர், கடந்த காலத்தைப் பற்றி முடிவில்லாமல் பேசுவதைவிட எதிர்காலத்தைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லிவிட்டார்.

அவர் வருந்துகிறாரா இல்லையா என்பதில் எனக்கு இனி அக்கறை இல்லை. உட்கார்ந்து கணக்கைப் பார்க்கட்டும். 1835-இல் இருந்த மாதிரி ஓர் ஆணையம் வைக்கட்டும். இந்த முறை கோரிக்கை வைப்பவர்கள் அந்தப் பதிவேட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தவர்களின் வாரிசுகளாக இருக்கட்டும், எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் கயானாக்காரரும் ஜமைக்காக்காரரும் உட்காரட்டும். அந்தக் கணக்கில் என் வரிப் பணம் இன்னும் 180 வருடத்துக்குப் போகும் என்றால், அதைக் கட்ட எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.